செண்டுடோக் புதரைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

சிங்கப்பூரில் தரைவீட்டுப் பின்புறத்தைச் சில மாதம் கவனிக்காமல் விட்டால், ஊதாப் பூவோடு எழுந்து நிற்பது பெரும்பாலும் செண்டுடோக்தான். அமெரிக்காவில் இது களைப் பட்டியலில் இருக்கிறது; சிங்கப்பூருக்கோ சொந்தச் செடி, வண்டுக்கும் பறவைக்கும் தீனி. அதனால் வேலியோரம் ஒன்றை விட்டுவைத்து மற்றவற்றை எடுங்கள். பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் நிற்பவற்றில் கை வைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

1. அடையாளம்

இலையைத் தடவினால் சொரசொரக்கும். காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் தடித்து ஓடும். பூ வெள்ளையாகவும் தண்டில் முடி அடர்ந்தும் இருந்தால் அது கிளிடீமியா, வெளியிலிருந்து வந்த களை. அதில் ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம்.

2. முதலில் பழம்

வெடித்த பழத்தின் கருநீலச் சதையில் பொடி விதைகள் ஏராளம். செடியை அசைப்பதற்கு முன்பே பழக்கொத்துகளைக் கத்தரித்துப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழி வேண்டாம். கையுறை போடாவிட்டால் விரலில் கறை ஏறும்.

3. வேர்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பாராங் கத்தியால் வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாகும். காய்ந்த களிமண்ணில் இழுத்தால் தண்டு அடியோடு முறியும், வேர் உள்ளேயே தங்கும். மழை பெய்த மறுநாள் காலை செய்யுங்கள். கட்டைவிரலைவிட மெல்லிய தண்டு கையோடு வந்துவிடும். தடித்ததற்கு, சுற்றிலும் 30 செ.மீ. தள்ளி மண்வெட்டியால் பக்க வேர்களை அறுத்து, பிறகு நெம்புங்கள். குழியை அன்றே மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வரும்.

சரிவில் வேரைப் பிடுங்கினால் அடுத்த மழையில் மண் சரியும். அங்கே தரையொட்டி வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள்; அளவு மருந்துப் புட்டியில் உள்ளபடி. வெட்டுமுகம் காய்ந்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. மேகம் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

4. பிறகு

வெளிச்சம் விழும் வெற்று மண்ணில் விதை மீண்டும் முளைக்கும். மரத்தூளோ காய்ந்த இலையோ 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்றுகளைக் கிள்ளி எடுங்கள். விட்டுவைத்த செடியில் பாதிக் காய்களை வெடிக்கும் முன்பே வெட்டிவிடுங்கள், மீதி பறவைக்கு.