சி.கே. இறங்கியதும் நுரையீரலை மறந்துவிடாதீர்கள்

மயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் வந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் சி.கே., அதாவது கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனை. அது 6000-லிருந்து 600-க்கு வந்துவிட்டால் வீடே மூச்சு விடும். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. சி.கே. தசையின் சிதைவைத்தான் சொல்லும், நுரையீரலைப் பற்றிச் சொல்லாது. இந்த நோயில் சிலர் ரத்தத்தில் உடலையே தாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதங்கள் இருக்கும். அவற்றில் எம்.டி.ஏ.5 ஆன்டிபாடி உள்ளவர்கள் பலருக்கு சி.கே. சாதாரணமாகவே இருக்கும். ஆனால் நுரையீரல் சில வாரங்களிலேயே மோசமாகிவிடலாம். ஜோ-1 என்ற இன்னொரு ஆன்டிபாடி இருந்தாலும் நுரையீரல் பாதிப்பு சகஜம். எனவே ஆன்டிபாடி ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் தாளாக வையுங்கள்.

பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவருக்கு மூச்சு வாங்கினால், வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். வறட்டு இருமலும் சேர்ந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நுரையீரலுக்கென்று ரத்தத்தில் பார்ப்பது கே.எல்.-6 என்ற புரதம். காற்றறைகளின் உட்சுவர் செல்கள் சேதமாகும்போது இது ரத்தத்தில் கூடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு தடவை தருமபுரியில், அடுத்த தடவை ஓசூரில், அப்புறம் பெங்களூரில் என்று லேப் மாற்றினால், பரிசோதனை முறை மாறுவதாலேயே எண் மாறும். முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள். இது சி.டி. ஸ்கேனுக்கும் மூச்சுத் திறன் பரிசோதனைக்கும் மாற்று அல்ல.

இரும்புச் சத்தைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ரத்தத்தில் ஏறியிருந்தால் இரும்புச் சத்து அதிகம் என்று முருங்கைக்கீரையை நிறுத்துகிறார்கள். இந்த நோயில், அதுவும் எம்.டி.ஏ.5 இருந்தால், அது அழற்சி கடுமையாவதன் அறிகுறியாக இருக்கலாம். கிருமித் தொற்றிலும் ஏறும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த சமயத்தில் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடியதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்து நாளைக் கடத்துவதும் நடக்கிறது. அவை கல்லீரலிலிருந்து மட்டுமல்ல, தசையிலிருந்தும் வரும். கூடவே சி.கே. பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

எண் நன்றாக வந்துவிட்டதென்று இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. நோய் மறுபடி தலைதூக்கும், திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்திருக்கையில் 97 காட்டியது, டாக்டர் அனுமதித்த அளவு வாசலில் நடந்ததும் 90-க்குக் கீழே போனால் அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.