சென்னையில் பெரிய கேம்பஸில் சேர்கிறீர்களா? முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியரிடமிருந்து வீட்டுக்குப் போன் வந்துவிடும். ஃபீஸ் கட்ட மறந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கும் வளாகத்தில் அப்படி யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு அட்வைசரின் (மாணவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்) கையிலும் அத்தனை மாணவர்கள். ஊரிலிருந்து சென்னைக்கு வரும் பிள்ளைகள் முதல் ஆண்டில் தடுமாறுவதற்கு, நான் பார்த்தவரை, பாடம் கஷ்டமாக இருப்பது முக்கியக் காரணம் இல்லை. கேட்க வேண்டியதை உரிய நாளில் வாய் திறந்து கேட்காமல் விடுவதுதான். இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைப்பவை.

முதலில் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் என்றாலே கிண்டி என்று நினைத்துவிடுகிறோம். அதன் நான்கு வளாகக் கல்லூரிகளில் மூன்றுதான் கிண்டியில் இருக்கின்றன. நான்காவதான எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருப்பது குரோம்பேட்டையில், கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஆறாவது ஸ்டேஷன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என்று ஆறு வளாகங்கள். ஹாஸ்டல் கிடைக்காமல் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) பார்ப்பவர்கள் உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது, வகுப்பும் லேபும் ஒரே இடத்திலா என்று துறை அலுவலகத்தில் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது இந்த ஊரில் லேசான வேலை இல்லை.

அடுத்தது அட்டெண்டன்ஸ். அதிகம் பேரை வீழ்த்துவது இதுதான், அதுவும் கட் அடித்துச் சுற்றுகிறவர்களை மட்டுமல்ல, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும். 75 சதவீதம் இருந்தால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த 75 எப்படிக் கரைகிறது என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பாடத்துக்கு வாரம் மூன்று வகுப்பு, 15 வாரம் என்றால் மொத்தம் 45 வகுப்பு. அதில் 11 வகுப்பு விட்டால் தேறிவிடலாம். 12 விட்டால் 73 சதவீதத்துக்கு வந்துவிடும். இப்போது அந்தப் பாடம் திங்கள் காலை முதல் பீரியடும் வெள்ளி கடைசி பீரியடும் வருகிறது என்று வையுங்கள். வெள்ளி மதியமே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பி, திங்கள் பத்து மணிக்கு வந்து சேர்கிறீர்கள். ஒரு தடவை போய்வந்தால் இரண்டு வகுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் ஏழு தடவை போனால் 14 வகுப்பு காலி, அட்டெண்டன்ஸ் 69 சதவீதம். காய்ச்சலுக்கு ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை, சினிமாவுக்கு ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனதுக்கே இந்த நிலை.

தென்மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் நகருக்குத் தெற்கே இருக்கும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடித்துக் கிண்டியோ சேப்பாக்கமோ வந்து சேர, திங்கள் காலை நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஊருக்குப் போவதென்றால் ஞாயிறு மாலைக்குள் திரும்பிவிடுங்கள். பாடத்துக்கு ஒரு வரி வீதம் நோட்டில் விட்ட வகுப்புகளை நீங்களே குறித்து வையுங்கள். பாடவாரியாகக் கணக்கிடுகிறார்களா, மொத்தமாகவா, மெடிக்கல் சான்றிதழ் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் படிப்புக்கான விதிமுறைத் தொகுப்பான ரெகுலேஷனில் இருக்கும். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் வேறு ரெகுலேஷனில் படித்திருக்கலாம். கல்ச்சுரல்ஸ், விளையாட்டு என்று போகிறவர்கள் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராததை வந்ததாகக் கணக்கில் எடுப்பது) படிவத்தில் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று விட்ட ஓ.டி. செமஸ்டர் கடைசியில் கிடைப்பது அபூர்வம்.

உதவித்தொகை விஷயத்தில் ஏற்படும் இழப்பைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. மாணவர்களுக்கு அதே தொகை 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தனித்தனி உதவித்தொகைகள். இவற்றுக்கான வேலைகள் பெரும்பாலும் கல்லூரி அலுவலகம் வழியாகவே நடக்கும். தகுதி இருந்தும் பணம் வராதவர்களை விசாரித்தால் காரணம் சின்னதாகத்தான் இருக்கும்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கவில்லை, வருமானச் சான்றிதழ் பழையது, சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறு வேறாக இருக்கிறது. ஊரில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் இதையெல்லாம் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். இங்கே வந்த பிறகு ஒரு சான்றிதழுக்காக அப்பா வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அலுவலகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போனஃபைடு சான்றிதழ் (இந்தக் கல்லூரி மாணவர்தான் என்பதற்கான சான்று) வாங்கப் போகும் மாணவர் வெறுங்கையோடு கவுண்டரில் போய் நிற்பார். ‘லெட்டர் எங்கே?’ என்பார்கள். எழுதிக்கொண்டு போனால் ‘அட்வைசர் கையெழுத்து?’ அதை வாங்கினால் ‘ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்து?’ அதற்குள் சாப்பாட்டு நேரம். இப்படி இரண்டு நாள் ஓடியதும் ‘இந்த ஆபீஸே இப்படித்தான்’ என்று சலிப்பு வந்து, அடுத்து எதற்கும் போவதில்லை. முதல் தடவையே ‘சார், இதுக்கு என்னென்ன வைக்கணும்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டால் ஒரே சுற்றில் முடியும். எதற்காகச் சான்றிதழ் என்று ஒரு வரியில் சொல்லும் கடிதம், ஃபீஸ் ரசீது ஜெராக்ஸ், ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் மூன்றும் எப்போதும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். ரயில் சீசன் டிக்கெட்டில் மாணவர் சலுகை வாங்கக்கூடக் கல்லூரி கையெழுத்துப் போட்ட படிவம் தேவை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘கடைசி தேதி தள்ளிப்போட்டாச்சு’ என்ற செய்தியை நோட்டீஸ் போர்டிலோ இணையதளத்திலோ பார்க்காமல் நம்ப வேண்டாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வகுப்பில் வாயே திறக்காமல் பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். ‘கேட்டால் இங்கிலீஷில் கேட்கணுமே’ என்ற பயம். பாடம் புரியாதது முதல் வாரத்தில் சின்ன விஷயம். பத்தாவது வாரத்தில் அதுவே மலையாகிவிடும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்த் தமிழிலேயே கேளுங்கள். இங்கே பாடம் நடத்துகிறவர்களில் நிறையப் பேர் உங்களைப் போலவே தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், அவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். முன்பெஞ்சில் உட்காருங்கள். வாரத்துக்கு ஒரு விடையையாவது முழு வாக்கியங்களில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். ஹாஸ்டல் ரூமில் சத்தம் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவே உண்டு, காசு கிடையாது. கிண்டியிலும் தரமணியிலும் படிக்கிறவர்களுக்கு அது அதிகத் தூரமில்லை.

நம்ம ஊர்க்காரர்களோடு மட்டுமே திரிவதும், ஊர்க்காரர் யாரும் வேண்டாம் என்று ஒதுங்குவதும் இரண்டுமே சரிப்படாது. லேபில் பக்கத்தில் நிற்கிறவர் பெயரைத் தெரிந்துகொள்வதில் ஆரம்பியுங்கள், போதும். பஸ்ஸிலும் ரயிலிலும் படியில் தொங்குவது, ‘ரூட்டு’ (வந்துபோகும் பஸ், ரயில் வழித்தடம்) பெயரைச் சொல்லிக் கோஷ்டி சேர்ப்பது பக்கமே போக வேண்டாம். கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட், வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு வரை துரத்தும்.

ராகிங்கைப் பொறுத்துக்கொள்வதும் தவறுதான். தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. சீனியர் ‘சும்மா ஜாலிக்கு’ என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் புகார் உதவி எண் 1800-180-5522. கல்லூரியில் சொல்லத் தயங்கினால் நேரே அங்கே சொல்லுங்கள்.

கிண்டிப் பக்கம் படிக்க வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஐ.ஐ.டி. வளாகம் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய காடு. புள்ளிமானும் வெளிமானும் குரங்கும் அங்கே நமக்கு முன்பிருந்தே வாழ்கின்றன. அழகாக இருக்கிறதே என்று பிஸ்கட் நீட்டாதீர்கள், கேரி பேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பிளாஸ்டிக்கைத் தின்று மான்கள் செத்திருக்கின்றன. ஒருமுறை தீனி கிடைத்த ஜன்னலுக்குக் குரங்கு தினமும் வரும்.

அக்டோபரில் மழை தொடங்கியதும் காய்ச்சல் வரும் காலம். ரூம்மேட் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவதுதான் வழக்கம். டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடித்து, மறுநாளே வளாக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, வாந்தி இருந்தால் தாமதிக்கவே கூடாது. மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அட்டெண்டன்ஸுக்கும் அதுதான் ஆதாரம். மனசு சரியில்லாத நாட்களையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை என்று வாரக்கணக்கில் போனால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

கடைசியாக அரியர், அதாவது தேறாமல் பாக்கி நிற்கும் பாடம். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போவது நன்றாகப் படிப்பவர்களுக்கும் நடப்பதுதான். அதை மறைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வீட்டில் ‘ரிசல்ட் இன்னும் வரலை’ என்று ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று, அரியர் ஃபீஸுக்குப் பணம் கேட்க முடியாமல் போனிலிருக்கும் கடன் ஆப். அந்தக் கடன்காரர்கள் உங்கள் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் பேசுவார்கள். ரிசல்ட் வந்த அன்றே வீட்டில் சொல்லுங்கள். ஒரு நாள் திட்டுவார்கள். பிறகு விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் எப்படிக் கேட்பது என்று தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள். அதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். நகல் கிடைத்தால் அந்தப் பாட ஆசிரியரிடமே எடுத்துப் போய் எங்கே மார்க் போனது என்று கேளுங்கள். அடுத்த தேர்வுக்கு ஃபீஸ் கட்டும்போது நடப்புப் பாடங்களோடு அந்த அரியர் பாடத்தின் குறியீட்டு எண்ணும் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.