காயைப் பழுக்க வைக்கும் முன் அதன் மரபணு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில், கையில் இருப்பது பறித்த பிறகும் பழுக்கக்கூடிய வகைதானா? தக்காளி, வாழை, மா, பப்பாளி, ஆப்பிள், அவகாடோ எல்லாம் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, ஸ்ட்ராபெர்ரி பழுக்காது, பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான். இவற்றைப் பையில் மூடி வைத்தால் அழுகல்தான் மிச்சம். முதல் வகைக் காய்கள் பழுக்கும் நேரத்தில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனைத் தாமே ஏராளமாகச் செய்துகொள்ளும். ஸ்ட்ராபெர்ரி, திராட்சை போன்றவற்றில் அப்சிசிக் அமிலம் என்ற வேறொரு ஹார்மோனுக்குத்தான் பெரிய பங்கு.

அடுத்தது, காய் முற்றியிருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிஞ்சிலும் எத்திலீன் கொஞ்சம் உண்டு, ஆனால் அந்தப் பருவத்தில் அது தன் உற்பத்தியைத் தானே அடக்கிக்கொள்ளும். காய் முற்றியதும் தக்காளியில் ரின், நார் என்ற மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஏசிஎஸ்2, ஏசிஎஸ்4 என்ற எத்திலீன் தயாரிப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதன் பிறகு எத்திலீனே மேலும் எத்திலீனை உண்டாக்கும். தக்காளி என்றால் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். விதையைச் சுற்றி வழவழப்பு வந்து, கத்தி பட்டும் விதை வெட்டுப்படாமல் நழுவினால் அது முற்றிய காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் மீதிக் காய்களும் அநேகமாக வெம்பித்தான் போகும், எவ்வளவு எத்திலீன் கொடுத்தாலும் ருசி வராது.

இந்த ரின் மரபணுவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மரபணு மாறியதால் காய் பழுக்காமலே நிற்கும் ‘ரின்’ தக்காளி வகை 1968-லேயே பதிவானது, காரணமான மரபணு 2002-ல் தெரிந்தது, அது இல்லாவிட்டால் பழுப்பதே தொடங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். 2017-ல் கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் சாதாரணத் தக்காளியில் அதை முழுவதுமாக முடக்கிப் பார்த்தால், காய் ஓரளவு நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கியது! பழைய ‘ரின்’ தக்காளியில் அந்த மரபணு வெறுமனே செயலிழக்கவில்லை, பக்கத்து மரபணுவோடு ஒட்டிக்கொண்டு பழுப்பதைத் தடுக்கும் புரதமாகவே மாறியிருந்தது.

சரி, எத்திலீன் வந்ததும் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் இருக்கும் எத்திலீன் ஏற்பிகள் (எத்திலீனை உணரும் புரதங்கள்) சும்மா இருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கின்றன. அவை சிடிஆர்1 என்ற புரதத்தை வேலை செய்ய வைக்கும், அது ஈஐஎன்2 என்ற இன்னொரு புரதத்தை நகரவிடாமல் வைத்திருக்கும். எத்திலீன் வந்து ஏற்பியில் உட்கார்ந்தால் பிரேக் விடுபடும், ஈஐஎன்2-வின் ஒரு துண்டு வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போகும், அப்புறம் நிறம், மணம், மென்மை தரும் மரபணுக்கள் வரிசையாகத் திறக்கும். ‘நெவர் ரைப்’ என்ற தக்காளியில் ஏற்பியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்த ஏற்பி எத்திலீனை உணராது, பிரேக் விடுபடாது, பழம் சிவக்காது.

இப்போது செய்முறை. முற்றிய காய்களைக் காகிதப் பையில் போட்டு, கூடவே பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ ஒன்று வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம்: எத்திலீனைச் செய்யும் கடைசி நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும், தேங்கும் கார்பன் டை ஆக்சைடோ எத்திலீனின் வேலையைக் கெடுக்கும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் நல்லது. 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். பழுக்காத தக்காளியையும் வாழையையும் குளிர்பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். பழுத்த தக்காளியும்கூட நாள்கணக்கில் குளிரில் இருந்தால் மணம் தரும் மரபணுக்கள் அடங்கிப்போகும், வெளியே எடுத்து வைத்தாலும் அந்த மணம் முழுதாகத் திரும்புவதில்லை.

கார்பைடு கல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிலீன் எத்திலீன் போலவே ஏற்பியை ஏமாற்றுகிறது, ஆனால் அதற்குப் பல மடங்கு அதிக அளவு தேவை. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். காய் முற்றாமல் இருந்தால் தோல் மட்டும் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும்.

பழுப்பதைத் தள்ளிப்போட வேண்டுமா? பெரிய கிடங்குகளில் ஆப்பிளுக்கு 1-எம்சிபி என்ற வாயுவைப் பயன்படுத்துகிறார்கள், அது ஏற்பியில் எத்திலீனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் அழுத்தியபடியே இருக்கும்; செல் புதிய ஏற்பிகளைச் செய்யச் செய்ய அந்தத் தடை மெல்ல விலகும். வீட்டில் அதெல்லாம் முடியாது, பழுத்ததைக் காயிலிருந்து பிரித்து வைப்பதுதான் வழி. அடிபட்ட பழத்தை முதலில் எடுத்துவிடுங்கள், காயம் பட்ட இடத்தில் எத்திலீன் கூடுதலாக ஊறும், பக்கத்தில் இருப்பவை எல்லாம் அதைக் கேட்டுப் பழுக்கத் தொடங்கிவிடும்.