விலங்கு நலமும் நோயும்: பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி?

விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவருக்கே விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் உரிமை உண்டு. விலங்கு அறிவியல், விலங்கு நலன் என்ற பெயர்களில் உள்ள பட்டங்கள் ஆய்வகம், பண்ணை மேலாண்மை, நோய்க் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு வழிவிடுமே தவிர, ஒருவரை மருத்துவராக்குவதில்லை.

முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் சலிப்பூட்டலாம். நோய்களைப் படிக்கத்தானே வந்தோம் என்று தோன்றும். ஆனால் நலமாக இருக்கும் விலங்கைப் பார்த்துப் பழகாதவருக்கு நோயின் தொடக்கம் கண்ணில் படாது. மனிதருக்குக் காய்ச்சல் எனக் கருதப்படும் 38.6 டிகிரி செல்சியஸ், பசுவுக்கு இயல்பான வெப்பநிலை. ஆகவே செய்முறை வகுப்பில் மாட்டை நெருங்குவதற்கு முன், தொலைவில் நின்றே அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள்; பிறகு இடப்பக்கத்தில் கடைசி விலா எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பெருவயிறு (மாட்டின் இரைப்பையின் மிகப்பெரிய அறை) எழுந்து கையைத் தள்ளுவதை உணரலாம்.

நோய்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வோடு மறந்துபோகும். இரண்டு நோய்களை அருகருகே வைத்துப் படிப்பதே பயன் தரும். 2011-இல் உலகெங்கும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயையும், இன்னும் ஒழியாத கோமாரி நோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெக்கை நோய் வைரஸில் ஒரே சீரவகைதான் (சீரவகை என்பது உடலின் நோயெதிர்ப்பு வேறுபடுத்தி அறியும் வைரஸ் வகை). அதனால் ஒரு தடுப்பூசியே எல்லா இடங்களுக்கும் போதுமானதாயிருந்தது. பிழைத்த மாடும் நோயைச் சுமந்து திரியவில்லை. கோமாரி வைரஸிலோ ஏழு சீரவகைகள் உள்ளன. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. குணமடைந்த சில மாடுகளின் தொண்டைப் பகுதியில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல், நோய்ப்பரவலியல் மூன்றையும் இந்த ஒரே ஒப்பீட்டில் சேர்த்துப் படித்துவிடலாம்.

நோய்ப்பரவலியல் கணக்குகளைக் கையாலேயே போடுங்கள். 10,000 மாடுகளில் 100 மாடுகளுக்கு நோய் இருக்கிறது, சோதனையின் உணர்திறனும் (நோயுள்ளவற்றைச் சரியாகக் கண்டறியும் விகிதம்) குறித்திறனும் (நோயற்றவற்றைச் சரியாக நோயற்றவை எனக் காட்டும் விகிதம்) 95 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நோயுள்ளவற்றில் 95 மாடுகளுக்கும் நோயற்றவற்றில் 495 மாடுகளுக்கும் ‘நோய் உண்டு’ என்றே முடிவு வரும். அதாவது, அம்முடிவு வரும் மாடுகளில் ஏறக்குறைய ஆறில் ஐந்துக்கு உண்மையில் நோயே இல்லை. நோய் பரவாமலிருக்க மந்தையைக் கொன்று அகற்றும் முடிவை இப்படியொரு சோதனையை மட்டும் நம்பி எடுத்தால் என்ன ஆகும் என்பதை அங்கேயே யோசித்துவிடுங்கள்.

விலங்கு நலனை எளிய பாடமென்று ஒதுக்குபவர்கள் உண்டு. என் கணிப்பில் அதுவே கடினமானது. பசி, வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலையைப் பேசும் ‘ஐந்து சுதந்திரங்கள்’ 1979-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டன. விலங்கின் நலனை ஐந்து கோணங்களில் மதிப்பிடும், 1994-இல் முன்வைக்கப்பட்ட ‘ஐந்து களங்கள்’ மாதிரி, பின்னர் விலங்கின் இனிய அனுபவங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இவற்றைப் படித்தபின், நடக்கும் மாடுகளின் நொண்டலுக்கு நீங்களும் ஒரு வகுப்புத் தோழரும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, எந்த மாட்டில், எந்தக் காலில் வேறுபட்டீர்கள் என்று பேசிப் பாருங்கள்.

வெறிநோய்க்கான முன்தடுப்பூசி தேவையா என்பதை மட்டும் செய்முறைப் பயிற்சி தொடங்கும் முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.