விடுபட்ட ஒரு மாதம்: எடைக் குறைப்பு அறுவைக்குக் காப்பீடு கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆதரவுக் குழுவின் சென்ற மாதக் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை மடிப்புப் பிரித்து என்னிடம் கொடுத்தார். மருத்துவ மேற்பார்வையில் தொடர்ச்சியாக ஆறு மாதங்கள் எடைக் குறைப்பு முயற்சி மேற்கொண்டதற்கான ஆவணங்கள் போதவில்லை என்று அதில் எழுதியிருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த கடிதத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருந்தது. எனக்கு இரைப்பை பைபாஸ் அறுவை (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு செல்லுமாறு மாற்றும் அறுவை) முடிந்து ஏழாண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து புதியவர்கள் தங்கள் கோப்புகளைத் தயாரிக்க உதவி வருகிறேன். நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

படிவத்தில் கையெழுத்து விடுபடுவது, பெயரில் எழுத்துப் பிழை நேர்வது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை ஒரே வாரத்தில் சரிசெய்துவிடலாம். மாதங்களையும் உடல்நலத்தையும் பறிக்கும் தவறுகள் வேறு.

தொலைபேசியில் கேட்ட பதிலை நம்புவது

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து ‘எடைக் குறைப்பு அறுவைக்குக் காப்பீடு உண்டா’ என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் திரையில் தெரியும் பொதுவான வரியைப் படித்து ‘உண்டு’ என்பார். அந்த ‘உண்டு’ எந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பது பாலிசி ஆவணத்தில் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, விலக்குகள் பகுதி. மற்றொன்று, எந்த நோயாளிக்கு, எந்த வகை அறுவைக்கு, எந்த ஆதாரங்களோடு அனுமதி தரப்படும் என்பதைக் கூறும் மருத்துவ அளவுகோல் ஆவணம். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தனியாகவே வைத்திருக்கின்றன. நாம் கேட்டு வாங்க வேண்டியது இந்த இரண்டாவது ஆவணத்தைத்தான். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவையையும் பைபாஸையும் ஏற்கும் பாலிசி, இரைப்பைக்குள் வைக்கப்படும் பலூனை ஏற்காமல் இருக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

வேலை தரும் நிறுவனத்தின் வழியாக வரும் குழுக் காப்பீடாக இருந்தால், பேரியாட்ரிக் அறுவை, அதாவது எடைக் குறைப்பு அறுவை, வேண்டாம் என்று விலக்கியதே உங்கள் முதலாளியாக இருக்கக்கூடும். அவ்வாறானால் காப்பீட்டு நிறுவனத்திடம் எத்தனை முறை முறையிட்டாலும் பயனில்லை. மனிதவளத் துறையிடம், அடுத்த புதுப்பிப்புக்கு முன்பே, எழுத்து வடிவில் கேட்க வேண்டும்.

பாலிசி எடுக்கும்போது எடையையும் நீரிழிவையும் மறைப்பது

மறைக்காதீர்கள், பின்னாளில் க்ளெய்ம் மறுக்கப்படுவதற்கு இது ஒன்றே போதும்.

மருத்துவ வழிகாட்டுதலும் பாலிசி விதியும் ஒன்று என்று எண்ணுவது

1991ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், உடல் பருமனோடு சேர்ந்து வரும் நீரிழிவு போன்ற கடுமையான இணை நோய்களோடு 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022ஆம் ஆண்டு அமெரிக்கப் பேரியாட்ரிக் அறுவை மருத்துவர்கள் சங்கமும் அதே துறையின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து இதைத் திருத்தின. இணை நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், நீரிழிவு போன்ற வளர்சிதை மாற்ற நோய் உள்ளவர்களுக்கு 30 முதல் 34.9 வரையிலும் பரிசீலிக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 என்ற குறைந்த அளவிலேயே அறுவையை முன்வைக்கலாம் என்றும் அவை கூறின. மருத்துவர் உங்களிடம் ‘நீங்கள் தகுதியானவர்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தப் புதிய அளவைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறார். ஆனால் பல பாலிசிகள் இன்னமும் 1991ஆம் ஆண்டின் எண்களையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மருத்துவரின் சொல்லை மட்டும் நம்பி விண்ணப்பித்தவர்கள், தங்கள் நோயையே யாரோ பொய் என்று சொல்லிவிட்டதுபோல் நொறுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்களையும் தெரிந்துகொண்டு போனால் அந்த வேதனையைத் தவிர்க்கலாம். மேல்முறையீட்டின்போது புதிய வழிகாட்டுதலை வாதமாகவும் வைக்கலாம்.

மாதக் குறிப்புகளில் ஓர் இடைவெளியை விடுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பல பாலிசிகள், அறுவைக்கு முன் மூன்று மாதங்களோ ஆறு மாதங்களோ மருத்துவ மேற்பார்வையில் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நான் என் முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளையும் தவறவிடவில்லை. நான்காவது மாதம் என் தந்தை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அவர் அருகிலேயே இருந்ததால் உணவியல் நிபுணரைப் பார்க்கப் போக முடியவில்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இருபது நிமிடங்கள் பேசினார், என் எடையைக் கேட்டார், உணவு முறையில் இரண்டு மாற்றங்கள் சொன்னார், ‘கவலைப்படாதீர்கள், இதுவே போதும்’ என்றார். அந்த உரையாடலை அவர் எங்கும் பதிவுசெய்யவில்லை. பதிவுசெய்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது மாதங்களை ஒழுங்காக முடித்து விண்ணப்பித்தபோது, என் கோப்பில் ஐந்து குறிப்புகளே இருந்தன. அவையும் தொடர்ச்சியாக இல்லை. நிறுவனம் மறுத்தது. விடுபட்ட ஒரு மாதத்தை மட்டும் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் மாதத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

அந்த ஒரு குறிப்பு இல்லாததால், மறு விண்ணப்பமும் பரிசீலனையும் சேர்த்துப் பதினொரு மாதங்கள் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில் மாத்திரையில் கட்டுப்பட்டிருந்த என் நீரிழிவுக்கு இன்சுலின் தேவைப்பட்டது. இவ்வாறு கட்டாயப்படுத்தும் காத்திருப்பு அறுவையின் பலனை மேம்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மேற்சொன்ன அமெரிக்கச் சங்கமே 2016ஆம் ஆண்டு நிலைப்பாட்டு அறிக்கையில் கூறியிருக்கிறது. அது தெரிந்திருந்தும் விதி உங்கள் பாலிசியில் இருக்கும்வரை அதை நிறைவேற்றித்தான் ஆக வேண்டும் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, கோப்பைத் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் நான் வலியுறுத்துவது இதுதான். ஒவ்வொரு மாதச் சந்திப்பையும் அந்த மாதத்தின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டாலும் மாதம் முடிவதற்குள் வேறொரு நாள் கிடைக்கும். கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டால், ஒரு காய்ச்சல்கூட உங்கள் ஆறு மாத உழைப்பை அழித்துவிடும். தொலைபேசிச் சந்திப்போ காணொளிச் சந்திப்போ ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குறிப்பு இருந்தால் மட்டும் போதாது, அதன் உள்ளடக்கமும் முக்கியம். இருமலுக்காகப் போன நாளில் செவிலியர் எடையை எழுதி வைத்திருந்தால், அது எடைக் குறைப்புச் சந்திப்பாகக் கணக்கில் வராது. தேதி, அன்று அங்கேயே பார்த்த எடை, உணவு முறை பற்றிப் பேசியது, உடற்பயிற்சி பற்றிப் பேசியது, அடுத்த மாதத்துக்கான திட்டம், கையெழுத்து ஆகிய ஆறும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று, அறையை விட்டு வெளியே வரும் முன் பார்த்துவிடுங்கள். ஒரு பிரதியை அன்றே வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், பணி மாறிப்போன ஒருவரின் கையெழுத்தைத் தேடி அலைய நேரிடும். ‘பத்து வருடமாக முயற்சி செய்கிறேன்’ என்ற உண்மை, காகிதத்தில் இல்லாவிட்டால், கோப்பைப் பரிசீலிப்பவருக்குத் தெரியவே தெரியாது. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. தாள்களை மட்டுமே பார்ப்பார்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. இந்த மாதங்களில் எடை குறைந்தால் தகுதி போய்விடுமோ என்று அஞ்சிச் சிலர் வேண்டுமென்றே எடையைக் குறைக்காமல் இருக்கிறார்கள். சில பாலிசிகள் திட்டம் தொடங்கிய நாளின் எடையைக் கணக்கில் கொள்கின்றன, சில விண்ணப்ப நாளின் எடையை எடுத்துக்கொள்கின்றன. எது என்பதை முதல் மாதத்துக்கு முன்பே கேளுங்கள். அச்சத்தால் உடலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உயரத்தை நினைவிலிருந்து எழுதுவது

உடல் நிறை குறியீட்டெண் என்பது கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்துக் கிடைப்பது. 108 கிலோ எடை உள்ளவரின் உயரத்தை 1.65 மீட்டர் என்று எழுதினால் எண் 39.7 ஆகிறது, 1.64 மீட்டர் என்றால் 40.2. காலணியோடு நின்றதால் கூடிய ஒரு சென்டிமீட்டர் ஒருவரைத் தகுதிக்கு வெளியே தள்ளிவிடும். இளமையில் அளந்த உயரத்தையே பலர் காலமெல்லாம் எழுதி வருகிறார்கள். வயதாக ஆக உயரம் சற்றுக் குறைகிறது. வெறுங்காலோடு, நேராக நின்று, மருத்துவமனையில் புதிதாக அளந்த உயரத்தை எல்லாப் படிவங்களிலும் ஒன்றுபோல் எழுதுங்கள். உண்மையான அளவை எழுதச் சொல்கிறேனே அன்றி, எண்ணை வளைக்கச் சொல்லவில்லை.

இணை நோய்களைச் சொல்லில் மட்டும் குறிப்பிடுவது

‘உறக்கத்தில் மூச்சுத்தடை உண்டு’ என்ற வரிக்கு மதிப்பில்லை. உறக்கப் பரிசோதனை அறிக்கைக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றோ குறைந்தோ போகும் நிகழ்வுகள் 15 முதல் 30 வரை இருந்தால் நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமை என்று வகைப்படுத்துகிறார்கள். கடுமையான இணை நோய் வேண்டும் என்று பாலிசி கேட்கும்போது அந்த எண்ணே பேசும். நீரிழிவுக்கு எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) முடிவுகளும் மருந்துகளின் பட்டியலும், இரத்த அழுத்தத்துக்குத் தொடர் பதிவுகளும் வேண்டும்.

கடிதத்தில் தோற்றத்தைப் பற்றி எழுதுவது

வேண்டாம், அழகுக்கான சிகிச்சை என்ற விலக்குப் பிரிவுக்கு அது வழிவிடும்.

முன் அனுமதியைப் பணம் வந்துவிட்டதாக எண்ணுவது

முன் அனுமதி, அறுவை மருத்துவக் காரணங்களுக்காகத் தேவைதான் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதைக் காட்டுகிறது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு, தொகைக்கு உச்சவரம்பும் இருக்கலாம். அறுவை மருத்துவர் நிறுவனத்தின் பட்டியலில் இருந்து, மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாமல் போனால் அவருடைய கட்டணம் தனியாக உங்களிடம் வரக்கூடும். தேதி குறிப்பதற்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் கேளுங்கள்.

மறுப்புக் கடிதத்தோடு நின்றுவிடுவது

மறுப்புக் கடிதம் வந்த அன்று நான் அதை மேசைக்குள் போட்டுவிட்டு மூன்று வாரங்கள் எடுத்துப் பார்க்கவில்லை. மேல்முறையீட்டுக்கான கால வரம்பு அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் செய்ய வேண்டியது, எந்த விதியின் எந்தப் பிரிவின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்பது. அதன்பின், உங்கள் மருத்துவரும் நிறுவனத்தின் மருத்துவரும் நேரடியாகப் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள்; பல மறுப்புகள் அந்த ஓர் உரையாடலிலேயே மாறியிருக்கின்றன. நிறுவனத்துக்குள் முடியாவிட்டால், பல நாடுகளில் வெளியே உள்ள குறைதீர்ப்பு அமைப்பையோ சுதந்திரமான மறுஆய்வையோ நாடலாம்.

தொடக்கத்தில் சொன்னவரின் கோப்பை இப்படித்தான் பிரித்துப் பார்த்தோம். ஆறு சந்திப்புகளும் நடந்திருந்தன. மூன்றாவது மாதத் தாள் மட்டும் வேறொரு பிரிவின் கோப்பில் மாட்டியிருந்தது. அவர் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது. மேல்முறையீடு அனுப்பப்பட்டிருக்கிறது.

வீட்டாரிடம் மறைத்துச் செய்வது

அறுவைக்கு முந்தைய உளவியல் மதிப்பீட்டில், வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்ளப் போவது யார் என்று கேட்பார்கள். ‘யாருக்கும் தெரியாது’ என்ற பதில் அந்த அறிக்கையைப் பலவீனப்படுத்தும். ‘வாயைக் கட்டினால் போதாதா’ என்ற ஒரு கேள்விக்கு அஞ்சித்தான் பெரும்பாலோர் மறைக்கிறார்கள். நானும் என் அக்காவிடம் அதனால்தான் மறைத்தேன். உடல் பருமனை ஒரு நோயாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013இல் ஏற்றது என்பதையும், 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைந்திருப்பதை 2007இல் வெளியிட்டது என்பதையும் அவரிடம் பிறகு சொன்னேன். அதைவிட, மருத்துவரின் அறைக்கு அவரை ஒருமுறை உடன் அழைத்துப் போனதுதான் பயன் தந்தது. வாதாடிக்கொண்டிருக்காமல், நம்பும் ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள்.

அறுவைக்குப் பிறகான செலவைக் கேட்காமல் விடுவது

அறுவைக்குப் பின் வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரத்தப் பரிசோதனைகளும் தொடரும். இவை பாலிசிக்குள் வருகின்றனவா, மறு அறுவை தேவைப்பட்டால் ‘வாழ்நாளில் ஒரு முறை மட்டும்’ என்ற வரம்பு உண்டா என்பதை, முன் அனுமதி கேட்கும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். எடை குறைந்தபின் தொங்கும் தோலை நீக்குவதைப் பெரும்பாலான பாலிசிகள் அழகுச் சிகிச்சை என்றே கருதுகின்றன. தோல் மடிப்புகளில் திரும்பத் திரும்பப் புண் வந்தால், ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டி, தேதியோடும் படத்தோடும் பதிவுசெய்து, அந்தத் தாளின் பிரதியை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.