கம்பெனி விலகுதாம் என்று கேட்டதும் கடைக்காரத் தம்பிகள் செய்யும் தவறுகள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கடை போடும் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்து, கூலிமில் படித்து, சொந்தக் காலில் நிற்க வந்த பிள்ளைகள். பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் ‘அந்தக் கம்பெனி இனி இந்தப் பொருளைச் செய்யாதாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே காரியங்களை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். ரசீது கொடுக்க மறப்பது, தப்பான ரேம் (கம்ப்யூட்டர் ஓடும்போது பயன்படுத்தும் மெமரி) வாங்கி வைப்பது போன்றவை இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எது போகிறது என்று பார்க்காமல் ‘கம்பெனியே போச்சு’ என்பது

2025 டிசம்பர் 3 அன்று மெமரி செய்யும் கம்பெனியான மைக்ரான் ஓர் அறிவிப்பு விட்டது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்ற சில்லறைக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்த ரேம், எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க் போல டேட்டாவைச் சேமிக்கும் பொருள்) வியாபாரத்திலிருந்து விலகுகிறோம், 2026 பிப்ரவரி வரை சரக்கு அனுப்புவோம், வாரண்டி தொடரும் என்பதுதான் சாரம். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி போதவில்லை, அந்தப் பக்கம் திருப்புகிறார்கள்.

அந்த வாரமே ஒருவர் கடைக்கு வந்து, “தம்பி, மைக்ரான் மூடுறாங்களாமே?” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மகளுக்குப் பினாங்கின் பத்து காவான் என்ற ஊரில் மைக்ரான் தொழிற்சாலையில்தான் வேலை. விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறும் பெண். யாரோ ஒரு கடைக்காரத் தம்பி அவரிடம் ‘மைக்ரான் குளோஸ்’ என்று சொல்லியிருக்கிறான். அறிவிப்பில் இருந்தது ஒரு சில்லறை பிராண்ட். பினாங்குத் தொழிற்சாலையை மூடுவது பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது. அவரை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் தேத்தண்ணீரைக் குடித்தார்.

இதற்கு நேர் எதிரும் நடந்திருக்கிறது. 2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னுடைய பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. உடனே ‘இனி டபிள்யூ.டி. ஹார்ட் டிஸ்க் வராது’ என்று ஊரெல்லாம் பேச்சு. மூடியது தொழிற்சாலை. டிஸ்க் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

சில சமயம் வியாபாரம் கைமாறும். சாம்சங் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011-இல் சீகேட்டுக்குப் போனது. தோஷிபா லேப்டாப்பின் பெரும்பங்கை 2018-இல் ஷார்ப் வாங்கியது, பெயர் டைனாபுக் ஆனது. 2023-இல் இன்டெல் ‘நக்’ என்ற தன் குட்டிக் கம்ப்யூட்டர்களை விட்டதும் ஆசுஸ் எடுத்துக்கொண்டது. தோட்டத்தை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றால் போர்டு மாறும், மேனேஜர் மாறுவார், மறுநாள் காலையும் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு நடக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகக் கூடாது.

வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டு விலையை ஏற்றுவது

கம்பெனியின் சொந்த அறிவிப்பைப் படிக்கும்வரை விலைச் சீட்டைத் தொடாதீர்கள். குரூஷியல் செய்தி வந்த அதே மாதம் சாம்சங் சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யை நிறுத்தப்போகிறது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய் என்று சாம்சங் மறுத்தது. சில சமயம் கம்பெனி வாயாலேயே சொன்னது கூட நிலைப்பதில்லை: 2011 ஆகஸ்டில் ஹெச்.பி. தன் பி.சி. பிரிவைப் பிரித்துவிட யோசிப்பதாக அறிவித்தது, அக்டோபரில் ‘வைத்துக்கொள்கிறோம்’ என்றது.

‘கம்பெனி இல்லை, வாரண்டி கிடையாது’ என்று வாடிக்கையாளரை அனுப்பிவிடுவது

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கோயில் பொருளாளர். ஒரு நாள் நாளிதழில் சுற்றிய எஸ்.எஸ்.டி. ஒன்றை என் மேசையில் வைத்தார். “இது செத்துப்போச்சாம் தம்பி. செஞ்ச கம்பெனியும் இப்ப இந்த வியாபாரத்துல இல்லையாம். புதுசு வாங்கிட்டேன். இதுல இருக்கிற கோயில் கணக்கை மட்டும் எடுக்க முடியுமா?” என்று கேட்டார். புதியதற்கு வேறொரு கடையில் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்திருக்கிறார்.

நான் எஸ்.எஸ்.டி.யைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் சீரியல் நம்பர் தெளிவாக இருந்தது. ஓரத்தில் உள்ளூர் விநியோகஸ்தரின் சின்ன ஸ்டிக்கர், மாதமும் வருடமும் அச்சிட்டது, கிழியாமல் அப்படியே இருந்தது. ஐந்து வருட வாரண்டி, நான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது. “ரசீது இருக்கா ஐயா?” என்றேன். மறுநாள் பிஸ்கட் டின்னோடு வந்தார். கிராணி வேலை பார்த்தவர், டின்னுக்குள் வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு எல்லா ரசீதும் இருந்தன. கம்பெனி இணையப் பக்கத்தில் சீரியல் நம்பரைத் தட்டினேன். வாரண்டி செல்லும் என்று வந்தது. விநியோகஸ்தருக்கு அனுப்பினோம், சில வாரங்களில் மாற்று எஸ்.எஸ்.டி. வந்தது. கணக்கு திரும்ப வரவில்லை. மாற்றித் தருவது பொருளை மட்டும்தான், அதிலிருந்த டேட்டாவை அல்ல. நல்லவேளை, அவர் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்திருந்தார்.

விற்ற தம்பியைத் தேடிப் போய்க் கேட்டேன். ஏமாற்றும் பிள்ளை இல்லை, நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறான்.

“அண்ணே, ஃபேஸ்புக்ல எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க.”

“சீரியல் நம்பரைப் போட்டுப் பாத்தியா?”

“இல்லண்ணே.”

இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால் பெரியவருக்கு 200 வெள்ளி நட்டம், அவனுக்கு அதைவிடப் பெரிய நட்டம். நம்மைப் போன்ற சின்ன ஊரில் கோயில் பொருளாளர் ஒருவர் ‘அந்தக் கடைக்குப் போகாதே’ என்று சொல்லவே வேண்டாம், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கும்போது பேச்சை மாற்றினாலே போதும்.

வாரண்டி என்பது பொருளை விற்ற அன்றே கொடுத்துவிட்ட வாக்கு. நாளையிலிருந்து செய்வதில்லை என்று கம்பெனி முடிவெடுத்தால், நேற்று விற்றதற்கான வாக்கு அழிந்துவிடாது. இ.வி.ஜி.ஏ. 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டை விட்டது. அப்போதும் விற்ற கார்டுகளின் வாரண்டியை மதிப்போம், அதற்கென்றே சரக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் சொன்னது. கம்பெனியே திவாலானால் கதை வேறு. விலகுவதும் திவாலாவதும் ஒன்றல்ல.

நம் மலேசியச் சட்டமும் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. விற்பவர் என்றால் நீங்களும்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே அலுவலகம் இல்லாவிட்டால் இறக்குமதி செய்தவர் உற்பத்தியாளர் இடத்தில் நிற்கிறார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலேயே, 50,000 வெள்ளிவரை கோரலாம். வாடிக்கையாளருக்கு இது தெரிந்து உங்கள் மேல் போவதைவிட, நீங்களே அவருக்காக விநியோகஸ்தரிடம் பேசுவது நல்லது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எஸ்.எஸ்.டி. வாரண்டிக்கு வருடக் கணக்கோடு, அதில் மொத்தம் எவ்வளவு டேட்டா பதியலாம் என்ற வரம்பும் உண்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. கேமரா பதிவுக்கு இரவு பகலாக ஓடிய எஸ்.எஸ்.டி. என்றால் அதையும் பார்த்துவிட்டு வாய் திறங்கள்.

‘கடைசி ஸ்டாக்’ என்று எழுதி ஒட்டுவது

செய்யாதீர்கள்.

விநியோகஸ்தர் ஸ்டிக்கர் இல்லாத சரக்கை அவசரத்தில் அள்ளுவது

வதந்தி கிளம்பினால் ஆன்லைனில் மலிவுச் சரக்கும் கிளம்பும். வெளிநாட்டிலிருந்து நேராக வந்தது, உள்ளூர் வாரண்டி இல்லாதது. கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்து வாங்கிப் போட்டால், பழுதாகும் ஒவ்வொன்றையும் உங்கள் கைக்காசில்தான் மாற்றித் தர வேண்டும்.

உண்மையிலேயே விலகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

அறிவிப்பு வந்துவிட்டது என்றால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நீங்கள் விற்ற மாடல்கள் ஓடத் தேவையான ஃபர்ம்வேர், டிரைவர் என்ற மென்பொருள்கள் எல்லாவற்றையும் இறக்கி ஒரு டிஸ்க்கில் போடுங்கள். கம்பெனிப் பக்கம் நாளை வேறு முகவரிக்குப் போகலாம். யார் யாருக்கு விற்றீர்கள், சீரியல் நம்பர் என்ன, வாரண்டி எந்த மாதம் முடிகிறது என்று பட்டியல் போடுங்கள். விநியோகஸ்தருக்கு ஃபோன் செய்து, இனி வாரண்டிக் கோரிக்கையை யார் எடுப்பார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளி கணினி அறை போன்ற இடங்களில் ஒரே மாடல் இருபது முப்பது ஓடும். அங்கே மட்டும் ஒன்றிரண்டு உபரியாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள், அதுவும் உள்ளூர் ஸ்டிக்கரோடு. தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார், கடிதமாகக் கொடுங்கள்.