கேட்கிறோம், செய்கிறோமா? கீழ்ப்படிதலில் பெண்களாகிய நாம் செய்கிற தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஆராதனைக்கு வேண்டியதை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். மாதக் காணிக்கைக் கவரில் நோட்டுகளை எண்ணி வைத்து, வேதப்புத்தகத்துக்குள் செருகினேன். அன்று மதியம்தான், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்துத் தரும் அக்கா கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். தேதி ஏழு ஆகியிருந்தது. "திங்கக்கிழமை தந்திர்றேன்க்கா, இப்போ கையில இல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பணம் இல்லாமல் இல்லை. கவருக்குள் போன நோட்டுகள் அப்போதே அலமாரியில் இருந்தன.

ராத்திரி வேதவாசிப்பில் வரிசைப்படி வந்தது லேவியராகமம் 19. அதன் 18ஆம் வசனம் எல்லோருக்கும் தெரியும். உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்பது. இயேசுவே எடுத்துச் சொன்ன வசனம். ஆனால் அதற்கு ஐந்து வசனம் முன்னால் இப்படி இருக்கிறது: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்கு அதைத் தாண்டி அடுத்த வசனத்துக்குப் போக முடியவில்லை. விடியற்காலமட்டும்கூட இருக்கக் கூடாதாம். நான் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தேன்.

மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். சிலிண்டர் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "எதுக்கும்மா ராத்திரில அலையுறீங்க, திங்கக்கிழமை வாங்கிருப்பேனே" என்றுதான் சொன்னார்.

அந்த மாதம் நான் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுத்திருந்தேன். காணிக்கை தவறவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, எனக்கு நேராகச் சொல்லியிருந்த ஒன்றைச் செய்யாமல் இருந்தேன். கீழ்ப்படிதலில் நம்மில் பலர் சறுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கர்த்தருடைய சித்தம் தெரியாமல் நாம் தவறுவது குறைவு. தெரிந்த ஒன்றை, வேறு ஏதோ நல்ல காரியத்தால் மூடிவைத்துத் தவறுவதுதான் அதிகம். சவுல் ராஜாவிடம் சாமுவேல் தீர்க்கதரிசி பேசியதும் இதைப் பற்றித்தான். அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளில் நல்லதைப் பிடித்துவைத்துக்கொண்டு, பலியிடத்தான் வைத்தோம் என்றான் சவுல். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று பதில் வந்தது.

தமிழில் இதைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது. "எம்பிள்ளை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான்" என்று ஒரு அம்மா சொன்னால், பையனுக்குக் காது கேட்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை. எபிரெய மொழியிலும் அப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6இல் வருகிற 'ஷெமா' என்ற சொல்லுக்குள் கேட்பதும் இருக்கிறது, கேட்டபடி நடப்பதும் இருக்கிறது. வசனத்தைக் கேட்டோம், ஆமென் சொன்னோம், ஸ்டேட்டஸில் வைத்தோம் என்பதோடு நின்றால் அந்தச் சொல்லில் பாதிதான் நடந்திருக்கிறது.

பெரிய அழைப்புக்காகக் காத்திருப்பது

ஊழியத்துக்கு அழைப்பு வரும், ஒரு தரிசனம் வரும், அன்றைக்கு முழுசாகக் கீழ்ப்படிவேன் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. குஷ்டரோகியான நாகமானுக்கு நடந்தது நினைவிருக்கும். யோர்தானில் ஏழுதரம் குளி என்று எலிசா தீர்க்கதரிசி சொல்லி அனுப்பியதும் அவனுக்குக் கோபம் வந்தது. பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று வேலைக்காரர்கள் கேட்ட பிறகுதான் இறங்கினான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவள், சிறைபிடிக்கப்பட்டு அவன் மனைவியிடம் வேலை செய்த அந்தச் சிறுபெண். வேதம் அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஒரு தீர்க்கதரிசி அவனைக் குணமாக்குவார் என்று தனக்குத் தெரிந்ததைத் தன் எஜமானியிடம் சொன்னாள், அவ்வளவுதான். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரை அறியாதவர்கள் குறைவு. 1901 முதல் 1951இல் இறக்கும் வரை அங்கே இருந்து, கோயிலுக்கு விடப்பட இருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்தவர் ஏமி கார்மைக்கேல். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'. அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் ஒரு சின்ன காரியம். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது, பாரமான மூட்டையோடு நடந்த ஏழை மூதாட்டி ஒருத்திக்கு அவரும் தம்பிமாரும் கை கொடுத்தார்கள். எதிரே மரியாதையான சபையார் வந்துகொண்டிருந்தார்கள். வெட்கத்தில் முகம் சிவந்துபோனது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வழியில்தான், அவரவருடைய வேலைப்பாடு அக்கினியில் சோதிக்கப்படும் என்ற 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்து வார்த்தை அவரைப் பிடித்தது. தோனாவூர் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. முதலில் வந்தது மூட்டை.

"ஜெபித்துச் சொல்கிறேன்"

இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஜெபத்தைக் குறைத்துச் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்ளலாம். வேலை மாறலாமா, பெண்ணுக்கு இந்தச் சம்பந்தம் சரிவருமா என்பதற்கெல்லாம் ஜெபித்துக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருப்பதற்கு நடத்துதல் கேட்பது தள்ளிப்போடுவதுதான்.

என் ஓரகத்தியோடு நான் நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். மாமியார் போன பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரித்ததில் வந்த வார்த்தை. யார் சரி, யார் தப்பு என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நான் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது, ஆனால் நான் பேசிய விதம் அநியாயம். அந்த நான்கு மாதமும் தினம் அதற்காக ஜெபித்தேன். "ஆண்டவரே, அவங்க மனசைத் தொடும்" என்று. நான் போன் எடுத்துப் பேச வேண்டும் என்பது மட்டும் அந்த ஜெபத்தில் வரவே இல்லை.

மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்று இருக்கிறதே, அதைக் கவனித்துப் பாருங்கள். உன் சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று இல்லை, உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் ஜெபித்துப் பார் என்றும் இல்லை. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் போன் பண்ணினேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அழுகையும் கட்டிப்பிடித்தலும் எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அளந்துதான் பேசுகிறார். கீழ்ப்படிந்தால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். எனக்குச் சொன்னது போய் ஒப்புரவாகத் தேடு என்பது. அவர் எப்போது மனம் திறப்பார் என்பது என் கையில் கொடுக்கப்படவில்லை.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "இன்னார் மகளுக்காக ஜெபிச்சுக்கங்க, வீட்டை விட்டு வந்துட்டா போலிருக்கு" என்று வாட்ஸ்அப் குழுவில் போடும்போது, அந்தப் பெண்ணின் சம்மதம் நம்மிடம் இருக்கிறதா? மேலே சொன்ன அதே லேவியராகமம் 19இல்தான் கோள்சொல்லித் திரியாதே என்றும் இருக்கிறது. பெயரும் விவரமும் இல்லாமலே ஜெபிக்கலாம். ஆண்டவருக்கு முகவரி தெரியும்.

புருஷன் சொல்லும் தேவன் சொல்லும்

நம் சபைகளில் பெண்ணின் கீழ்ப்படிதல் என்று பேச்செடுத்தால் மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22க்கு நேராகப் போய்விடுவார்கள். அதற்கு முந்தின வசனம் "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பது. அதற்குப் பிந்தி, புருஷர்களைப் பார்த்து, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியில் அன்புகூரச் சொல்கிறது. நடுவில் உள்ளதை மட்டும் பிய்த்து எடுத்துப் பெண்ணின் கையில் கொடுப்பது சரியல்ல.

என் வீட்டுக்காரரோடு ஒத்துப்போவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, அது தேவன் கொடுத்த ஒழுங்கு என்றும் நம்புகிறேன். ஆனால் புருஷனுக்குக் கீழ்ப்படிவதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதும் எப்போதும் ஒன்றே என்று எண்ணுவது தவறு. சப்பீராளைப் பாருங்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்தது அனனியா. அவளுக்கும் அது தெரியும். அந்தப் பொய்யால் அவன் விழுந்து செத்து மூன்றுமணி நேரம் கழித்து, அது தெரியாமல் அவள் உள்ளே வருகிறாள். பேதுரு அவளிடம் தனியாகக் கேட்கிறார், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று. எனக்கு அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாசலாகத் தெரிகிறது. ஒரு உண்மை போதும். அவள் வீட்டில் பேசிவைத்ததையே சொன்னாள். அவள் பதிலுக்கு அவளே பொறுப்பு என்றானது.

இன்றைக்கு இது நம் மேஜைக்கு எப்படி வருகிறது? பத்திரத்தில் தொகையைக் குறைத்துப் போட்டுக் கையெழுத்துக் கேட்கும்போது. மகன் கல்யாணத்துக்கு "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க" என்று பேசும் அறையில் மாமியாராக உட்கார்ந்திருக்கும்போது. வரதட்சணையை ஆண்கள் பேசினார்கள், நான் வாயே திறக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். சப்பீராளும் கூட்டத்தில் போய்ப் பேசியவள் அல்ல, கேட்டபோது பதில் சொன்னவள்தான்.

இன்னொரு பக்கம் அபிகாயில். அவள் புருஷன் நாபால் முரடன், தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தி அனுப்பினான். தாவீது பட்டயத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். அவள் 200 அப்பங்களையும் இரண்டு துருத்தி திராட்சரசத்தையும் சமைத்த ஐந்து ஆடுகளையும் கழுதைகள்மேல் ஏற்றிப் புறப்பட்டாள், புருஷனிடம் சொல்லாமலே. வேதம் அவளை அடங்காதவள் என்று சொல்லவில்லை. புத்திசாலி என்கிறது. அவளைத் தேவன் அனுப்பினார் என்று தாவீது ஸ்தோத்திரம் சொல்கிறான்.

இதைப் படிக்கிறவர்களில் அடிவாங்குகிற ஒரு சகோதரி இருந்தால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பொறுத்துப்போவது கீழ்ப்படிதல் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது வேதம் சொன்னதல்ல. மனைவியின் மேல் கசந்துகொள்ளக்கூட வேண்டாம் என்றுதான் கொலோசெயர் 3இல் புருஷர்களுக்குக் கட்டளை. கை ஓங்குவதற்கு எங்கே இடம்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். ஜெபிக்கிறவர்கள் அங்கேயும் ஜெபிப்பார்கள்.

மணிக்கணக்கில் அளப்பது

காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபித்தால்தான் அந்த நாள் கீழ்ப்படிந்த நாள் என்று ஒரு கணக்கு நம்மிடம் ஓடுகிறது. எழ முடிகிறவர்கள் எழட்டும், அது நல்லது. ஆனால் பால் குடிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று முறை எழுகிற பெண் அந்தக் கணக்கில் தினமும் தோற்றுப்போகிறாள். என் மகன் பிறந்த வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். வேதத்தைத் திறந்தால் தூக்கம் வரும், மூடினால் அழுகை வரும். அப்போது என் அம்மா ஏசாயா 40:11ஐச் சொன்னார்கள். ஆட்டுக்குட்டிகளை மடியில் சுமப்பார் என்பது வரை எனக்குத் தெரியும். முடிவைத்தான் நான் கவனித்ததில்லை: "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்." குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆட்டின் நடை மேய்ப்பனுக்குத் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக வேலை செய்து, கூடச் செய்யாத சகோதரியைக் குறைசொன்ன மார்த்தாளின் கதையையும் வேலை செய்கிற பெண்களைக் குட்டுவதற்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். சமைத்ததற்காக அவளை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். அடுப்படியில் நின்றுகொண்டே அவர் பேச்சைக் கேட்க முடியும். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் சகோதரியை மனதுக்குள் குறைசொல்லிக்கொண்டு கேட்கத்தான் முடியாது.

தவறிய பிறகு

இத்தனையும் படித்துவிட்டு, நான் எதிலுமே தேறவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் இருப்பீர்கள். தவறிவிட்டேன், இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று ஒதுங்கிப்போவது இந்தத் தவறுகள் எல்லாவற்றிலும் அதிக நாள் நம்மைப் பிடித்துவைக்கிறது. நானும் சம்பளத்தைத் தள்ளிப்போட்ட அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அடுத்த வாரம் வேதபாடம் எடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எங்கள் சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர் என்னை உட்கார வைத்து யோவான் 21ஐ வாசிக்கச் சொன்னார்.

இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். இப்போது கரையில் இன்னொரு கரிநெருப்பு. அதன்மேல் மீன், கூடவே அப்பம். ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படாமல் இருந்த ஆட்களிடம் இயேசு பழைய தவறை விசாரிக்கவில்லை. வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார். பேதுரு பதில் சொன்னதும் உடனே வேலை கொடுக்கிறார், ஆட்டுக்குட்டிகளை மேய்க்கச் சொல்லி.

அந்தப் பாடத்தை அடுத்த வாரம் நான்தான் எடுத்தேன். முதலில் சிலிண்டர் கதையைச் சொன்னேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் செருப்புப் போடும் இடத்தில் நின்று போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, இந்த மாசச் சம்பளத்தைச் சாயங்காலமே வந்து வாங்கிக்கோங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.